மாவளிக்குப் போன மூட்டை

வேங்கிக்கால்
12.12.2025, வெள்ளிக்கிழமை

அன்பு நாத்தனார் சரோஜாவுக்கு, அண்ணி அருணாதேவி எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பூஜை அறை வாசலில் இருந்தவர்கள்: நான், நீ, உன் அண்ணன், குழுத் தலைவி கன்னியம்மாள், தீபம் பார்க்க வந்திருந்த உன் மகள் சிந்துஜா, அவள் வயிற்றுப் பிள்ளை. பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். ஏழாம் மாசத்தில் காது கேட்குமாம். அதனால் சேர்த்துக்கொண்டேன். ஆக ஆறு பேர். படத்தில் இருந்த அண்ணாமலையாரையும் சேர்த்தால் ஏழு.

இத்தனை பேர் முன்னால் நீ கற்பூரத்தை ஏற்றி, "மாவளியா சுத்துன கரி திரும்பி வந்தாத்தான் இனிமே உங்ககிட்ட பேசுவேன்"னு சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். கை சுட்டிருக்கும். மருந்து போட்டாயா?

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. போன வருஷம் தீபத்துக்கு முன்னால் கொட்டிய மழையில் இங்கே மலை மண்ணே இறங்கி உயிர்கள் போயின. அங்கே உன் நிலம் ஏரியோடு ஏரியாகக் கிடந்தது. மழை இப்படிப் புத்தி கெட்டுப் பெய்வதற்குக் காற்றில் ஏறிப்போன கரிப்புகைதான் காரணம், அதைத் திரும்ப இறக்கி மண்ணில் வைக்கலாம் என்று, புதைக்கும் கரிக்கு எடை பார்த்துப் பணம் தரும் நிறுவனத்தின் பாலாஜி தம்பி வந்து சொன்னபோது முதலில் கை தூக்கியவள் நீ. கடலை உரித்த மல்லாட்டைத் தோலையும் ஏரியில் வெட்டிய வேலிக்காத்தான் முள்மரத்தையும் குழியில் கரியாக்கி, சாணத்தோடு கலந்து நிலத்தில் புதைப்பது என்று பதினோரு பெண்கள் சேர்ந்தீர்கள். "கணக்கு எழுத எங்க அண்ணி இருக்காங்க"னு என்னை இழுத்துவிட்டதும் நீதான். நிபந்தனை ஒன்றே ஒன்று. கரி மண்ணுக்குத்தான் போகவேண்டும், நெருப்புக்குப் போகக்கூடாது.

தீபம் முடிந்து இரண்டாம் நாள் பாலாஜி எடை பார்க்க வந்தார். உன் கொட்டகையில் ஒரு மூட்டை இல்லை. நனைந்துபோச்சு என்றாள் ஒருத்தி. எலி என்றாள் ஒருத்தி. எலி கரி தின்னுமா? தெருப் பிள்ளைகள் பொறி பறக்க மாவளி சுற்ற நீ கொடுத்துவிட்டாய் என்று நான் உள்ளதைச் சொன்னேன். அவ்வளவுதான் என் குற்றம். ஊர்க் கரி முழுவதையும் நிறுவனத்தார் தை மாசம் வரை கணக்கில் ஏற்றாமல் நிறுத்தி வைத்ததற்கு நான் என்ன செய்வேன்?

போனில் என் நம்பரை நீ அடைத்துவிட்டதாகச் சிந்துஜா சொன்னாள். சரி. பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தாய். எழுதமாட்டேன், படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. இருந்த ஆறு பேரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்.

தையில் சிந்துஜாவுக்கு வளைகாப்பு. தாய்மாமன் வீட்டு வளையல் என் கையால்தானே ஏறவேண்டும்? நான் வரலாமா கூடாதா என்று எழுது.

அன்புடன்,
அருணாதேவி


கீழ்பென்னாத்தூர்
18.12.2025

அண்ணிக்கு, சரோஜா எழுதுவது.

அன்புள்ள என்று போடவில்லை. இருக்கிறது, ஆனால் போடவில்லை.

கை ஆறிவிட்டது. மஞ்சள் வைத்தேன்.

எனக்கு எழுத்து உங்கள் மாதிரி வராது, பேச்சுதான் வரும். அதற்கும் நானே பூட்டுப் போட்டுக்கொண்டேன். ஆனாலும் கேளுங்கள். ஏரிக்கரையில் ஆண் பனை எத்தனை இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது? சுட்டுக் கரியாக்கப் பனம்பூ கிடைக்காமல் இரண்டு வருஷமாக எங்கள் தெருப் பிள்ளைகள் மாவளி சுற்றவில்லை. கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சொத்தையாக நின்றார்கள். தீபத்தன்று சாயங்காலம் ஒரு கும்பல் வந்து, "அத்தை, உங்ககிட்டதான் ஜாஸ்தி கரி இருக்காமே"ன்னு நின்றது. நான் என்ன சொல்ல? இது காற்றிலிருந்து இறக்கிய கரி, காற்றைக் கேட்டு வாங்கி வாருங்கள் என்றா?

கொடுத்தேன். அம்மியில் பொடித்து, கல்லுப்புப் போட்டு, பழைய வேட்டித் துணியில் சுருட்டிக் கட்டிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் பனைமட்டையைப் பிளந்து கொடுத்தார். மல்லாட்டைத் தோல் கரி அவ்வளவு பொறி விடாது என்று நினைத்தேன் அண்ணி. தலைக்கு மேலே சுற்றினார்கள் பாருங்கள், தெரு முழுக்கப் பூ. நீங்கள் மலைமேல் ஜோதியைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் விட்டிருப்பீர்கள். இங்கே தெருவில் இறங்கிய அண்ணாமலையாரை நீங்கள் பார்க்கவில்லை.

தப்புதான். கொடுத்த வார்த்தைக்கு அது தப்பு. நீங்கள் உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கோபம் இல்லை. சொன்னது எப்படி? "சரோஜா கொடுத்துட்டா." ஒன்பது மாசமாகக் குழி வெட்டியது யார் என்று எழுதும்போது குழு. மண் சுமந்தது யார்? குழு. எடை வந்தபோது குழு. குற்றம் என்று வந்ததும் மட்டும் சரோஜா. இப்போது தண்ணி பிடிக்கப் போனால் "மாவளி வருது, ஒதுங்கு"ன்னு சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களின் பிள்ளைகள்தான் சுற்றினார்கள்.

குழிக்கு இனி நான் போகமாட்டேன். கரி திரும்பி வராது என்று தெரிந்துதான் அப்படிச் சத்தியம் பண்ணினேன்.

வளைகாப்புக்கு வாருங்கள். வரவேண்டாம் என்று சொல்ல நான் யார்? வளையலைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போங்கள். பேச்சு கிடையாது.

சரோஜா


வேங்கிக்கால்
5.1.2026

அன்பு சரோஜாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். "குழு" என்று நீ எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். நீ சொன்னது சரி. எழுதுகிறவள் நான். பேரைப் போடவேண்டிய இடமும் போடக்கூடாத இடமும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று. உன் கடிதத்தை உன் அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பழைய வேட்டித் துணி என்ற இடம் வந்ததும் மனிதர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். எனக்குச் சந்தேகம். தீபத்தன்று "கூட்டத்துல நான் மாட்டமாட்டேன், தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரேன்"னு போனவர் அவர். கொடியில் கிடந்த வேட்டியை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் மிளகு மிளகாக ஓட்டை.

"என்னங்க இது?"

"பொறி பட்டிருக்கும்."

"எந்தப் பொறி?"

"நானும் ரெண்டு சுத்து சுத்தினேன். சின்னப் பசங்க சரியா சுத்தத் தெரியாம சுத்துனாங்க, காட்டிக் குடுத்தேன்."

அறுபது வயசு. நீ கற்பூரத்தை அடித்தபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் இவர்தான். ஒரு வார்த்தை சொன்னாரா பார்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். வெள்ளிக்கிழமை உன் தெருவுக்கு வந்து கன்னியம்மாள் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து, "யார் வீட்டுல மாவளி சுத்துனது, கை தூக்குங்க" என்றேன். முதலில் யாரும் தூக்கவில்லை. உன் அண்ணன் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கையும் எழுந்தது. "ஒரு மூட்டைக் கரியைக் கார்த்திகைக்கு நாங்கள் சுற்றிவிட்டோம். எங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. பாலாஜிக்கு அனுப்பவேண்டிய தாள் கன்னியம்மாளிடம் இருக்கிறது. உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நேற்று முன்தினம் ஆருத்ரா தரிசனம். மலை உச்சித் தீபக் கொப்பரையிலிருந்து எடுத்த மையை நடராஜருக்குச் சாத்திய பிறகு கொடுத்தார்கள். இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். சிந்துஜா நெற்றியில் வை. வரிசையில் நிற்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. அத்தனை நெய்யும் எரிந்து ஆகாசத்துக்குப் போய்விட்டது என்று நினைக்கிறோம். ஆனால் மை கீழே இறங்கி நம் கைக்கு வருகிறதே.

பாலாஜி சொன்னது நினைவிருக்கிறதா? செடி வளரும்போது காற்றில் இருக்கிற கரியைத்தான் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. அந்தச் செடியை நாம் கரியாக்குகிறோம். அப்படியானால் உன் தெருவில் சுற்றிய மாவளிப் புகையும் எங்கேயோ ஒரு வேலிக்காத்தானில் ஏறிக்கொண்டுதானே இருக்கும்? அதைக் குழியில் போட்டால் உன் கரி திரும்பி வந்ததாகத்தானே அர்த்தம்? சத்தியம் நிறைவேற வழி இருக்கிறது. யோசித்து எழுது.

அருணாதேவி


கீழ்பென்னாத்தூர்
9.1.2026

அன்புள்ள அண்ணிக்கு,

போட்டுவிட்டேன், பாருங்கள்.

அண்ணன் கை தூக்கிய கதையைக் கன்னியம்மாள் நடித்தே காட்டினாள். சிரித்துச் சிரித்து விலா வலித்தது. பிறகு உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

மை வந்தது. சிந்துஜா ஊருக்குப் போய்விட்டாள், அவளுக்காகப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

ஆனால் உங்கள் வாதம் செல்லாது. ஏதோ ஒரு வேலிக்காத்தானில் ஏறியிருக்குமாம். எந்த வேலிக்காத்தான்? என் தெருப் புகை ஆந்திராவுக்குப் போயிருந்தால்? ஒரு மூட்டைக்கு எனக்கு விட்டுக்கொடுக்காதவர் நீங்கள். சத்தியத்தில் மட்டும் நான் தோராயமாக வரவு வைக்கணுமா? அண்ணாமலையார் சிரிப்பார்.

இங்கே சேதி வேறு. நான் போகாமல் இவர்கள் போட்ட மூன்று குழியும் சாம்பலாகிவிட்டது. மேலே வெள்ளை பூக்க ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கைப் போடணும், கடைசியில் தண்ணீர் விடணும். இவர்கள் பேசிக்கொண்டே விட்டுவிட்டார்கள். சாயங்காலம் கன்னியம்மாள் வாசலில் வந்து நின்று, "ஏன்டி, நீ அவங்ககிட்டதானே பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணே, குழிகிட்டயுமா?" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழிக்குப் போய்விட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. குழு முழுக்கக் கேட்கச் சொன்னது. போகி வருகிறது. ஊரில் அத்தனை வீட்டுப் பழசையும் தெருவுக்குத் தெரு கொளுத்தி, பொங்கலுக்கு எழுந்தால் எதிர்வீடு தெரியாத புகை. அதையெல்லாம் ஒரே குழிக்குக் கொண்டுவரச் செய்து கரியாக்கினால் என்ன என்று பேச்சு. வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லவும் ஆள் பிரித்தாகிவிட்டது. ஆனால் கரியாகணும் என்றால் தண்ணீர் விட்டு அணைக்கணும். போகித் தீயைத் தண்ணீர் விட்டு அணைக்கலாமா? குடும்பத்துக்கு ஆகாது என்று பாதிப் பேர் பயப்படுகிறார்கள். எனக்கும் பயம்தான், வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற குடும்பம். சாஸ்திரம் தெரிந்தவர் நீங்கள். கன்னியம்மாள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவள் கையிலேயே பதில் கொடுங்கள்.

சரோஜா


வேங்கிக்கால்
10.1.2026

சரோஜாவுக்கு,

கன்னியம்மாள் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறாள். அதனால் சுருக்கமாக.

திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி முடிந்ததும் குண்டத்துக்கு என்ன செய்கிறோம்? பால் தெளித்துக் குளிர வைக்கிறோம். அதனால் எந்தக் குடும்பம் கெட்டது? தீ வேலையை முடித்த பிறகு குளிர வைப்பது மரியாதை. முதலில் மஞ்சள் நீர் தெளித்து, கும்பிட்டு, பிறகு குடத்தை ஊற்றுங்கள். கோயிலில் குருக்களையும் கேட்டேன். "நல்ல எண்ணத்தோட குளிர வெச்சா தோஷம் இல்லேம்மா" என்றார்.

பிளாஸ்டிக், டயர், பெயின்ட் அடித்த மரம் குழிக்குள் வரவே கூடாது. அது விஷம்.

போகிக் கரியை நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். எந்தப் பொருள், எங்கிருந்து என்று காட்ட முடியாதே. சேர்க்காவிட்டால் போகட்டும். அவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறாதது ஆகாசத்தின் கணக்கில் ஏறும்.

ஆந்திரா என்று எழுதியதைப் படித்து உன் அண்ணன் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாதத்தில் நீ ஜெயித்துவிட்டாய்.

அருணாதேவி


கீழ்பென்னாத்தூர்
20.1.2026

அன்புள்ள அண்ணிக்கு,

போகியன்று நீங்கள் இல்லை. அதனால் உங்கள் முறையிலேயே தொடங்குகிறேன். குழியடியில் இருந்தவர்கள்: குழுவில் பதினோரு பேரும். அவர்கள் வீட்டு ஆண்கள், பாதிப் பேர் பல் விளக்காமல். போகி மேளம் தட்டிக்கொண்டு எல்லாப் பிள்ளைகளும். அப்புறம் இதுவரை எங்களைக் "கரிக்காரிங்க"ன்னு கிண்டல் பண்ணிய மேலத்தெருக்காரர்கள்.

குழிக்கு வந்த பழசை எண்ணி முடியாது, வராததை எண்ணுவதுதான் சுலபம். துடைப்பக்கட்டை, கீற்று, ஓலைப்பாய், கால் போன கட்டில், முறம். ஒருத்தர் ஸ்கூட்டர் டயரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கன்னியம்மாள், "அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அப்படியே வீட்டுக்குப் போங்க மாமா, நல்லா இருக்கு" என்றாள். அவர் போய், டயரை வைத்துவிட்டு, கீற்றோடு திரும்பி வந்தார்.

தெருவுக்குத் தெரு எரியவில்லை அண்ணி. ஒரே இடம். அத்தனை பெரிய குழி நான் பார்த்ததில்லை. புகை கம்மி, நெருப்பு மட்டும் நின்றது. வெள்ளை பூத்தது. அடுக்குப் போட்டோம். கடைசியில் குடத்தோடு சுற்றி நிற்கிறோம், மஞ்சள் நீரும் தெளித்தாயிற்று, ஒருத்தி கையும் அசையவில்லை. முதல் குடம் யாருடையது? எதுவும் ஆகிவிட்டால்?

எனக்கு என்ன தோன்றியதோ, "எதுனா ஆச்சுன்னா என் பேர்ல எழுதிக்குங்கடி. எனக்குப் பழகிடுச்சு" என்றேன்.

ஒருத்தி என் பக்கமாக நகர்ந்து நின்றாள். பிறகு கன்னியம்மாள், "ஒண்ணும் வேணாம், மூணு எண்ணுறேன், எல்லாரும் சேர்ந்து கவிழ்ப்போம்" என்றாள். கவிழ்த்தோம். முதல் தண்ணீர் யாருடையது என்று அண்ணாமலையாருக்கே தெரிந்திருக்காது. ஆவி எழும்பி ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை. உள்ளே யாரோ சிரிக்கிறார்கள், யாரோ அழுகிறார்கள். நீங்கள் அங்கே நின்றிருக்கணும்.

பாலாஜி பொங்கலுக்கு மறுநாளே வந்துவிட்டார். நீங்கள் சொன்னபடி போகிக் கரியைச் சேர்க்கவில்லை. மாவளி மூட்டையைக் கழித்துக்கொண்டார்கள். மீதி எல்லாம் சரி, ஊரைத் திட்டத்திலிருந்து நீக்கவில்லை. அடுத்த வருஷமும் உண்டு. "இந்த மாதிரி ஒரு கடுதாசி எங்களுக்கு வந்ததே இல்லைக்கா" என்றார்.

போகிக் கரியில் எனக்கு வந்த பங்கை நிலத்தின் மேற்கு மூலையில் போட்டு உழுது, அதன்மேல் மல்லாட்டை விதைத்திருக்கிறேன்.

வளைகாப்பு தை 22, வியாழக்கிழமை. ஏழாம் மாசம் மார்கழியில் போய்விட்டதால் ஒன்பதில் வைத்திருக்கிறோம். வாருங்கள். சத்தியம் சத்தியம்தான், அதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எனக்கே ஏன்டா பண்ணினோம் என்று இருக்கிறது. ஆனால் கற்பூரத்தை ஏமாற்றிவிட்டு ஒன்பது மாச வயிற்றுப்பிள்ளைக்காரி பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் சரோஜா


வேங்கிக்கால்
24.2.2026

அன்பு சரோஜாவுக்கு,

வளைகாப்பு முடிந்து வந்ததிலிருந்து எழுதவேண்டும் என்று இருந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன்.

அன்று முழுவதும் நீ என்னோடு பேசவில்லை. "அண்ணே, உங்க வீட்டம்மாவுக்குப் புளிசாதம் இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு." நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, உப்பு மட்டும் கம்மி"ன்னு நான் சொன்னேன். உன் அண்ணன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் இலையை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போய்ச் சாப்பிட்டார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எல்லாப் பெண்களுக்கும் வளையல் அடுக்கியபோது என் கைக்கு நீயே வந்து போட்டாய். அளவு சின்னது. விரலை மடக்கி, எலும்பை அமுக்கி, மெல்ல மெல்ல ஏற்றினாய். ஒரு வளையல்கூட உடையவில்லை. உன் உள்ளங்கையில் அந்தக் கற்பூரத் தழும்பு எனக்குத் தட்டுப்பட்டது. அவ்வளவு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தும் நீ வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த வளையல்களை நான் இன்னும் கழற்றவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சத்தம் போடுகின்றன. நீ பேசாததை அவை பேசுகின்றன என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மேற்கு மூலையில் மல்லாட்டை முளைத்து இலை விட்டு, பூவும் பூத்துவிட்டதாகக் கன்னியம்மாள் சொன்னாள். ஆந்திராவை விட்டுவிடு. அந்த இலை உன் தெருக் காற்றைத்தான் குடிக்கிறது. சித்திரையில் பறித்து, தோலை உரித்து, குழியில் போட்டுக் கரியாக்கினால், சுற்றிய கரி திரும்பி வந்தது என்று நானும் ஒப்புக்கொள்வேன், நீயும் ஒப்புக்கொள்வாய். முறையான கணக்கு அதுதான்.

ஆனால் சித்திரை தூரம். சிந்துஜாவுக்குப் பங்குனியில் நாள் குறித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்காரவேண்டும். உள்ளே இருந்து என்ன சேதி வந்தாலும் நீ முதலில் திரும்பிப் பார்க்கும் முகம் என்னுடையதாக இருக்கும். அப்போதும் உன் அண்ணனைத் தேடிக்கொண்டு ஓடமுடியுமா?

வராததை வந்ததாக இதுவரை நான் ஒருநாளும் எழுதியதில்லை. நிறுவனத்துக் கணக்கில் இனியும் எழுதமாட்டேன், அது பதினோரு பேர் கொடுத்த வார்த்தை. ஆனால் இது உனக்கும் எனக்கும் அண்ணாமலையாருக்கும் உள்ள கணக்கு. நேற்று சாயங்காலம் கிரிவலம் போனேன். மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்துகொண்டு, "சித்திரையில் வரவேண்டியதை மாசியிலேயே வரவு வைத்துக்கொள்கிறேன், இலை விட்டாகிவிட்டது. குறைந்தால் என்னிடம் கேள், அவளிடம் கேட்காதே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இனி உன் சம்மதம்தான் பாக்கி. இலையை வரவு வைத்துக்கொள்ளலாமா, சித்திரை வரை காத்திருக்க வேண்டுமா? எதுவானாலும் நான் கட்டுப்படுகிறேன்.

என் நம்பர் பழைய நம்பர்தான். எழுத விருப்பமானால் எழுது, வேறு மாதிரி விருப்பமானால் வேறு மாதிரி. பதில் மட்டும் சீக்கிரம் வேண்டும்.

உன் அண்ணி,
அருணாதேவி